காந்தச் சோதினை

தர்மபுரத்துப் பள்ளிக்கூடத்தில கொரோனா ஊசி போடுறதுக்கு அண்டைக்குத்தான் கடைசி நாள். தயாளினிக்கு மூச்சு இழுப்பு வருத்தம். கட்டாயம் போடவேணும் எண்டு மிட்வைஃப் மிஸ் ரெண்டு தரம் வந்து சொல்லிப்போட்டா. ஆனா ஊசி போட்ட கையில காந்தம் ஒட்டுமாம் எண்டு ஊரெல்லாம் ஒரே கதை.

"இஞ்சருங்கோ, நீங்கள் முந்தநாள் போட்டனீங்கள்தானே. கையைக் காட்டுங்கோ பாப்பம்" எண்டு புருசனைக் கூப்பிட்டாள்.

"விசர்க்கதை கதையாதையும்" எண்டபடி பிரதாபன் சட்டைக் கையைச் சுருட்டினான்.

உடைஞ்ச ரேடியோவில கழட்டின காந்தத்தை அவள் மெல்ல வைச்சாள். அது பல்லி மாதிரிப் பிடிச்சுக்கொண்டு நிண்டுது.

"ஐயோ! நான் செத்தாலும் போடமாட்டன்!"

பிரதாபன் தலையைச் சொறிஞ்சான். "நான் இன்னும் ஊசி போடேல்லையப்பா. ஊசியைக் கண்டதும் லைனில இருந்து ஓடி வந்திட்டன்."

"அப்ப இது என்னத்தில ஒட்டுது?"

"சண்டைக்குள்ள பட்ட ஷெல் துண்டு. சொன்னா பொம்பிளை தரமாட்டினம் எண்டுதான், சைக்கிளால விழுந்த காயம் எண்டு சொன்னனான்."

தயாளினி கொஞ்சநேரம் அந்தத் தழும்பைத் தடவிப் பாத்தாள்.

"பன்னிரண்டு வருசமா ஷெல்லைக் கையுக்க வைச்சிருக்கிற ஆள், ஊசிக்குப் பயந்து ஓடி வந்திருக்கிறார்! வெளிக்கிடுங்கோ, ரெண்டு பேருமாப் போவம்."