கபுகி சாமி

எதிர்வீட்டு ருக்மிணி ஆன்ட்டியின் பார்வை தன் பக்கம் திரும்பினாலே வெண்பா புடவையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“புடவை கட்டவே வராதா உனக்கு? கொசுவம் தரையைப் பெருக்குது.”

“வரும் ஆன்ட்டி.”

“என்னத்த வரும்!”

சேலத்திலிருந்து அமெரிக்காவின் ரவுண்ட் ராக் நகருக்கு வந்து நாலே நாள். தூக்கம் இன்னும் இந்திய நேரத்தில்தான் வந்தது. கணவன் மதனின் மேனேஜர் விஷாகா வீட்டு விருந்தில், எல்லோர் பேச்சும் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது அவளுக்கு. இதில் இந்தப் பொல்லாத அம்மாள் வேறு.

சாப்பிட்டு முடித்ததும் விஷாகா எல்லோரையும் உள்ளறைக்குக் கூட்டிப் போனாள். ஜன்னலெல்லாம் மூடி, அரையிருட்டு. சுவரில் ஒரு பட்டுத் திரை. பேச்சு தானாக நின்றது. விஷாகா திரையை மெல்ல விலக்கினாள்.

இருட்டிலிருந்து ஒரு முகம் மிதந்து வந்தது. வெள்ளை வெளேரென்று, சிவப்புக் கோடுகளோடு, உருட்டி விழித்தபடி. நீல அங்கி அலையலையாய் விரிந்தது. வெண்பாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தன்னை அறியாமல் கைகூப்பி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மதன் தலையைக் குனிந்துகொண்டான். என்ன தப்பு என்று புரியவில்லை. அப்படியே ஓடிவிடலாமா என்றிருந்தது.

“கொஞ்சம் தள்ளும்மா!”

அவளை இடித்துக்கொண்டு முன்னால் வந்த ருக்மிணி ஆன்ட்டி, பட்பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“என்னா முழி! எந்த ஊரு காவல் தெய்வம் விஷாகா? கற்பூரம் காட்டலியா?”

சிரிப்பில் அறையே அதிர்ந்தது.

“ஐயோ ஆன்ட்டி, அது சாமி இல்ல!” என்றான் மதனின் நண்பன் ஜெயபிரகாஷ். “கபுகின்னு ஜப்பான் டிராமா, அதுல வேஷம் கட்டின ஆக்டர். மரக்கட்டையில செதுக்கி பிரிண்ட் பண்ண படம். லைட் பட்டா கலர் போயிடும்னு ஸ்கிரீன் போட்டிருக்காங்க!”

“அப்படியா? எனக்கென்னப்பா தெரியும்?”

அப்புறம் சாயங்காலம் வரை எல்லோரும் ஆன்ட்டியைத்தான் ஓட்டினார்கள். வெண்பா கன்னத்தில் போட்டுக்கொண்டது யாருக்கும் ஞாபகமே இல்லை.

நன்றாக வேண்டும் என்று வெண்பாவும் மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது விஷாகா டப்பாவில் பாயசம் போட்டுக் கொடுத்தாள்.

“பாவம்க்கா, ஆன்ட்டிக்கும் என்னை மாதிரியே ஒண்ணும் தெரியல” என்றாள் வெண்பா.

விஷாகா குரலைத் தாழ்த்தினாள்.

“ஆன்ட்டிக்கா? பதினோரு வருஷம் டோக்கியோவுல இருந்தவங்க. எங்க கிரகப்பிரவேசத்துக்கு அந்த பிரிண்ட்டை கிஃப்ட் பண்ணதே அவங்கதான்.”