காவலர்கள் பேசி முடிக்கும் வரை

அவன் மறுபடி செத்தான்.

டிவி சிவந்து இருண்டது. பிறகு அதே துறைமுகம், அதே மாளிகை, அதே அந்திவெளிச்சம். முகமூடி போட்ட அவன் ஆள் மதிலுக்கு வெளியே பதுங்கி உட்கார்ந்திருந்தான். உள்ளே மாடியில் ஓர் ஆளுநர். அவனைக் கொல்ல வேண்டும். சாக்கடை வழியாகப் போகலாம். கூரை மேல் போகலாம். வேலைக்காரன் உடுப்பில் வாசல் வழியாகவே போகலாம். எப்படி வேண்டுமானாலும் போகலாம் என்பதுதான் அந்த விளையாட்டின் பெருமை. அலுவலகத்தில் எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் எப்போதும் கத்தியை உருவிக்கொண்டுதான் போனான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவன் அம்மா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, நானொருக்கா பாக்கட்டுங்களா?"

கையிலிருந்த விளையாட்டுக் கருவியைச் சிரித்துக்கொண்டே கொடுத்தான். இது நடக்க, இது குனிய, இது குத்த என்று காட்டினான்.

அவள் எதையும் அழுத்தவில்லை. மதிலடி இருட்டிலேயே ஆளை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தாள்.

"போ."

"இருங்க. பேசறாங்க."

இரண்டு காவலர்கள் விளக்கடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவனுடைய மகளுக்குக் காய்ச்சல். மற்றவன் நீ போய் வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். முதலாமவன் ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனான்.

கணவனுக்கு இது தெரியாது. அவர்கள் வாயைத் திறப்பதற்குள் வெட்டிவிடுவான். இத்தனை வாரம் விளையாடியவனிடம் சொல்லாததை அந்த விளையாட்டு அவளிடம் சொல்லிவிட்டது.

அவள் மாளிகையின் சமையலறை வழியாக உள்ளே போனாள். தாண்டிய ஒவ்வொரு கதவையும் நின்று சாத்தினாள்.

"கதவ ஏன் சாத்தற? வேஸ்ட்டு."

"தெறந்து கெடந்தா யாராச்சும் வந்து பாப்பாங்கல்லங்க."

யாரும் பார்க்கவில்லை. நாய்கூடத் தலை தூக்கவில்லை.

கூரைக்கு வந்துவிட்டாள். கீழே ஆளுநரின் அறை. சன்னல் திறந்திருந்தது. அவன் சோபாவின் நுனிக்கு வந்தான்.

"குதி. இப்பக் குத்து."

அவள் திரும்பி, கூரையின் மறு ஓரத்துக்கு நடந்தாள். கடல். ஊரில் ஒவ்வொரு விளக்காக ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அங்கெல்லாம் போலாமா?"

"போலாம். ஆனா வேல இந்த ரூம்ல."

"போனா யாரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்களா?"

"கேம்தான. உன் இஷ்டம்."

அவள் தாவினாள். அடுத்த கூரை. அடுத்தது. சந்தைக்கு மேல், மணிக்கூண்டுக்கு மேல். அவன் டிவியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு லேசாகப் பிரிந்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அப்படியொரு முகத்தை அவன் பார்த்ததில்லை.

"இதெல்லாம் எங்க பழகுன?"

வேடிக்கையாகக் கேட்கத்தான் நினைத்தான். குரல் அப்படி வரவில்லை.

"உங்கம்மா தூக்கம் கெடாம இந்த வீட்ல வேல செய்யறேனுங்கல்ல," என்று சிரித்தாள். கருவியை அவன் மடியில் வைத்தாள்.

அவள் விட்ட இடத்திலிருந்து அவன் தொடங்கினான். இரண்டாவது தாவலில் ஓடு சரிந்தது. கீழே யாரோ கத்தினார்கள். அம்புகள் வந்தன.

இதில் பட்டன் ஒட்டிக்கொள்கிறது என்று சொல்லத் திரும்பினான்.

அவள் இல்லை.

பாதி மடித்த துணி கிடந்தது. சமையலறையில் இல்லை. அம்மாவின் குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது. வாசல் கதவு சாத்தியிருந்தது, தாழ் விலகியிருந்தது. கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் அவன் உட்கார்ந்திருந்தான். ஒரு சத்தமும் கேட்கவில்லை.

படியேறினான். பாதிவழியில்தான் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருப்பதை உணர்ந்தான்.

மொட்டைமாடியின் அந்தக் கோடியில், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். காதில் போன். முதுகு தெரிந்தது. தோள் சிரிப்பில் குலுங்கியது.

அவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கினான்.

தரை கொதித்தது. ஒரு காலை எடுத்து மறு கால்மேல் வைத்துக்கொண்டான். காற்று மாறும்போது அவள் குரல் துண்டு துண்டாக வந்தது.

"இல்ல... அவரு வெளையாடிட்டு இருக்காரு."

பிறகு மெல்ல ஏதோ. பிறகு சிரிப்பு. அவனிடம் பேசும்போது அவள் ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் நடுவில் இப்படி விட்டுவிட்டுச் சிரித்ததில்லை. எதிர்முனையில் யார் என்று தெரியும்வரை நிற்பது என்று முடிவு செய்தான். காது முழுவதையும் அங்கே வைத்தான்.

"அந்தப் பக்கம் வெயிலுங்க," என்றாள். "இங்க நெழலுக்கு வாங்க."

திரும்பாமலே சொன்னாள்.

அவன் மறு காலையும் தரையில் ஊன்றினான். பிறகு வெளியே வந்தான். செருப்பு கையிலேயே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

போனைக் காதிலிருந்து எடுத்து, இருவருக்கும் நடுவில் சுவர்மேல் வைத்தாள். திரை மேற்பக்கமாக இருந்தது. இணைப்பைத் துண்டிக்கவில்லை. உள்ளிருந்து யாரோ சன்னமாக ஹலோ, ஹலோ என்றார்கள். ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. குனிந்தால் பெயர் தெரியும்.

அவள் தலையைத் திருப்பித் தெருவைப் பார்த்தாள். காந்திபுரம் போகும் பஸ் ஒன்று நிறுத்தத்தில் நின்றிருந்தது. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவனுக்கு வேண்டிய நேரத்தைக் கொடுப்பதுபோல.

அவன் செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்தான்.

அவனும் பஸ்ஸைப் பார்த்தான்.

பார்க்க முயன்றான்.