ஒன்றேகால் மணி நேரம்

"நானூறு கிலோமீட்டர்தானே? அதுக்கா ஒண்ணேகால் மணி நேரம்?" என்று மாமியார் விமான விசாரணைக்குப் போன் போட்டுத் துளைத்துக்கொண்டிருந்தார்.

சமையலறையில் மருமகள் அதைக் கேட்டபடி குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். வெளியூர் போன கணவன் முன்னதாகவே திரும்புகிறான். போகிற இடத்திலிருந்தும் ஓயாமல் வீடியோ காலில் கூப்பிட்டு, வீட்டில் இருக்கிறாளா என்று பார்ப்பவன். அவன் முறுக்கிய மணிக்கட்டில் வீக்கம் இன்னும் வடியவில்லை.

"சின்ன விமானமா? அதான் மெதுவா வருதா! கிளம்பிடுச்சா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க தம்பி."

பிள்ளையைப் பார்க்க இத்தனை தவிப்பு! நேற்று இவள் அக்காவிடம் போனில், "குழந்தையோட அங்கேயே வந்துடறேன்" என்று அழுததை மாமியார் கேட்டுவிட்டார். வந்ததும் வராததுமாக அவன் காதில் போட்டுவிடுவார்.

மாமியார் போனை வைத்தார். "கிளம்பிட்டானாம்."

"சமையலை முடிச்சிடறேன் அத்தை."

"அடுப்பை அணை. இறங்கற வரைக்கும் அவனால போன் பண்ண முடியாது. டாக்ஸிக்குச் சொல்லிட்டேன். குழந்தையைத் தூக்கிட்டு உங்க அக்கா ஊருக்கு ரயிலேறு. அவ வாசல்ல அவன் வாலாட்ட முடியாது."

மருமகள் அடுப்பை அணைத்தாள். "அவர் வந்து கேட்டா?"

"நான்தான் அனுப்பினேன்னு சொல்றேன். அவங்கப்பா என்னை அடிச்சப்ப, என் மாமியார் வெளியில சத்தம் கேட்கக் கூடாதுன்னு கதவைச் சாத்தினாங்க" என்றபடி மாமியார் வாசல் கதவை அகலத் திறந்தார்.