பத்து நொடி மௌனம்

வானொலியில் யாரும் பேசாமல் கிடக்கும் நேரத்தை டெட் ஏர் என்பார்கள். அங்கே அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. பத்து நொடி மௌனமாக இருந்தால் இயந்திரம் தானாகவே வீணை இசையைப் போட்டுவிடும். மதியச் செய்தி வாசிக்க உட்கார்ந்த ஜெசிந்தாவின் கையில் இருந்த தாள், ஆலை வாசல் துப்பாக்கிச் சூட்டில் யாரும் சாகவில்லை என்றது. காலையில் அவள் அந்த வழியாகத்தான் வந்தாள். மூடி கழன்று கிடந்த டிபன் கேரியரையும் பக்கத்தில் முகம் மூடப் போர்வை போர்த்திக் கிடத்தியிருந்தவர்களையும் பார்த்திருந்தாள்.

"வணக்கம். செய்திகள்" என்று சொல்லிவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தாள். மைக்கை மூடவில்லை. வீணை வந்துவிடாமலிருக்க, விரலை மடக்கி மேசையை ஒரு தட்டு தட்டினாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு.

ஹெட்போனில் நிலைய இயக்குநர் பரமேஸ்வரனின் குரல் வந்தது. "வாசிம்மா. ஊரே கேட்டுக்கிட்டிருக்கு."

"கேக்கட்டும் சார்" என்றாள், திறந்திருந்த மைக்கிலேயே. மறுபடி தட்டினாள்.

அவர் கதவுகளைத் திறந்துபோட்டுக்கொண்டு உள்ளே ஓடிவந்து மைக்கை அணைத்தார். சிவப்பு விளக்கு போனது. சற்று நேரத்தில் வீணை தொடங்கியது. தட்டும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"கையை எடும்மா" என்றார்.

ஜெசிந்தா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். திறந்து கிடந்த கதவு வழியாக, கீழே ரேடியோ வைத்திருந்த டீக்கடையின் பெஞ்சிலிருந்து அந்தத் தட்டு வந்துகொண்டிருந்தது. பிறகு அதற்கடுத்த கடையிலிருந்தும்.