நாலு பேருக்கு மட்டும் தெரிந்தது

அறையில் இருந்தவர்கள் நாலு பேர். பெரியவன்; அவனுடைய சித்தி மகன் சின்னவன்; எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்கும் வக்கீல்; உட்கார்ந்தபடியே தூங்கக்கூடிய குறட்டை. அந்த நாலு பேரில் ஒருவன் துரோகி. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. யார் என்பதுதான் பாக்கி.

“சத்தியமா நான் இல்லண்ணே” என்றான் சின்னவன்.

கல்லூரி விடுமுறையில் ஆப்பிள் தோட்ட வேலைக்கென்று கடல் தாண்டி வந்தவர்கள். வந்த அன்றே பாஸ்போர்ட்டுகளை மேனேஜர் வாங்கித் தன் அலமாரியில் வைத்துக்கொண்டார். இப்போது வருகிற வாரம் பரீட்சை. உட்காராவிட்டால் ஒரு வருடப் படிப்பு போச்சு. மேனேஜரோ, கடைசி ஆப்பிள் பெட்டிக்குள் போகும்வரை ஒருவனும் நகரக் கூடாது என்கிறார்.

பழ லாரியில் ஒளிந்து டவுனுக்குப் போய்ப் புகார் கொடுக்கலாம் என்று பேசினார்கள். மறுநாள் லாரிக்குப் பக்கத்தில் மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சரி, நாலு பேரும் காய்ச்சல் என்று படுத்துவிடலாம் என்று பேசினார்கள். விடியும்போது தெர்மாமீட்டரோடு வாசலில் நின்றார். இரண்டுமே இந்த அறைக்குள், சன்னலைச் சாத்திக்கொண்டு பேசியவை.

“நேத்து மத்தியானம் அந்தாளு ரூம்ல உனக்கு என்னடா வேலை?” என்றான் வக்கீல்.

“கை வெட்டிக்கிச்சு. மருந்து போட்டு விட்டாரு.” கட்டுப் போட்ட பெருவிரலைத் தூக்கிக் காட்டினான் சின்னவன்.

“நாங்க வெட்டிக்கிட்டா டேப்பைச் சுத்திக்கிட்டுப் பெட்டி தூக்குறோம். உனக்கு மட்டும் நாற்காலி, மருந்து, டீ. நீ என்ன அந்தாளு வீட்டு மாப்பிள்ளையா?”

கதவு திறந்தது. தினமும் இந்நேரம் தரை துடைக்க வரும் அந்த நாட்டுக்காரி வாளியோடு உள்ளே வந்தாள். இடுப்பில் கொத்துச் சாவி குலுங்கியது.

“மகாராணி வந்தாச்சு. காலைத் தூக்குங்கப்பா, இல்லேன்னா அதையும் சேர்த்துத் துடைச்சிடுவா” என்றான் குறட்டை. அவள் யாரையும் பார்க்காமல் மூலையில் ஆரம்பித்தாள்.

கிளம்பிய அன்று சித்தி பஸ் வரைக்கும் வந்து, “உன்னை நம்பித்தான்டா இவனை அனுப்புறேன்” என்றது பெரியவன் காதுக்குள்ளேயே இருந்தது. இருந்த ஒரே நல்ல ஸ்வெட்டரையும் இவனுக்குத்தான் கழற்றிக் கொடுத்தான். அதைப் போட்டுக்கொண்டே போய்க் காட்டிக் கொடுத்திருக்கிறான்.

“அண்ணே, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுண்ணே.”

பெரியவன் பார்க்கவில்லை. “அண்ணன்னு கூப்பிடாத. மூட்டையைக் கட்டு. போய் உன் மேனேஜர் மடியிலயே படுத்துக்க.”

சின்னவன் துணிகளைப் பையில் திணித்தான். ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துப் பெரியவன் கட்டிலில் வைத்தான். பிறகு அங்குமிங்கும் தேடினான். “சார்ஜரை எங்க வெச்சேன்…”

யாரும் தேடிக் கொடுக்கவில்லை. துடைப்பான் கட்டிலுக்கடியில் நுழைந்து, தூசியோடு ஒரு சார்ஜரை அவன் காலடிக்குத் தள்ளிவிட்டது. அதை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே போனான்.

பெரியவன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். சன்னல் கம்பி வழியே எட்டிப் பார்த்தால், சின்னவன் படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதுகு குலுங்கியது.

“எல்லாம் நடிப்பு. இந்தப் பக்கம் வா” என்று வக்கீல் சன்னலைச் சாத்தினான். “இப்பச் சொல்லு, அடுத்து என்ன?”

“நாளைக்குச் சாப்பாட்டு மணி அடிச்சதும் பம்ப் ரூமுக்குள்ள போறோம்” என்றான் பெரியவன். “ அதோட பின்கதவு ரோட்டுப் பக்கம் திறக்குது. பஸ்ஸைப் பிடிச்சு நேரா லேபர் ஆபீஸ். அங்க போய் உக்காந்துட்டா அப்புறம் எவன் வந்து இழுப்பான்?”

“பாஸ்போர்ட்டு?”

“அதை அவங்களே வாங்கிக் குடுப்பாங்க.”

குறட்டைக்குத் தூக்கமே கலைந்துவிட்டது. “இதுவும் மேனேஜருக்குத் தெரிஞ்சிட்டா?”

“எப்படிடா தெரியும்? போட்டுக் குடுக்கிறவன்தான் வெளிய உக்காந்திருக்கானே!”

மூவரும் சிரித்தார்கள். பெரியவனுக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றது. கட்டிலில் கிடந்த ஸ்வெட்டரைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

தரை துடைத்து முடிந்தது. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வர, குறட்டை எழுந்துபோய்த் தாழ்ப்பாளை விலக்கிவிட்டான். அவள் வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது. பிறகு வெளிப்பக்கம் சாவி திரும்பும் சத்தம்.

பெரியவன் எழுந்து கைப்பிடியை இழுத்தான். வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தான்.

படிப்பக்கமிருந்து அவள் குரல் கேட்டது.

“அழாத தம்பி, பம்ப் ரூம் கதவையும் இந்த மகாராணியே பூட்டிடுவா.”