பரோட்டா மாஸ்டரின் வலது கை

“இந்த மாவுக்கட்டை இப்பவே பிரிக்கணும். ரம்பத்தை எடுங்க சிஸ்டர்.”

கேட்டேவிட்டாள்.

பெரிய டாக்டர் போட்ட கட்டை, பயிற்சி டாக்டர் தொடக்கூடாது. பிரிக்கச் சொல்லி வாயே திறக்கக்கூடாது. வந்த முதல் நாளே அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

படுக்கையில் பரோட்டா மாஸ்டர் முத்தரசு. கடையில் எண்ணெய் வழுக்கி விழுந்து, முன்கை முறிந்து, காலையில்தான் கட்டுப் போட்டிருந்தது. ‘நாளெல்லாம் மாவு பெசஞ்சவனுக்கே மாவுக்கட்டா’ என்று வார்டையே சிரிக்க வைத்தவர். அதனால் அவர் அலறியதையும் வேடிக்கையில் சேர்த்துவிட்டார்கள்.

ஊசி போட்டும் வலி ஏறிக்கொண்டே போனது.

“நாடி நல்லாத்தான் இருக்கு டாக்டர்,” என்றார் சிஸ்டர்.

“நாடி இருக்கும். கைதான் இருக்காது.”

மாஸ்டரின் நடுவிரலை மெல்ல நிமிர்த்திக் காட்டினாள்.

அவர் போட்ட அலறலில் வார்டு அதிர்ந்தது.

சிஸ்டர் மறுபேச்சில்லாமல் ரம்பத்தை எடுத்து வந்தார்.

கட்டு, பஞ்சு, துணி. தோல் தெரியும் வரை பிளந்தாள். உயரத் தூக்கிக் கட்டியிருந்த கையை நெஞ்சு மட்டத்துக்கு இறக்கினாள்.

இறுக்கம் தளர்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

முன்கை அப்படியே கல்லாக இருந்தது.

ஆறு மணி நேரம் போனால் தசை செத்துப்போகும். வலி ஏறத் தொடங்கி நாலு ஓடிவிட்டது.

“உள்ள வீங்கி, தசையை நெருக்குது மாஸ்டர். ரத்தம் போக வழியில்ல. தோலையும் உள்ள இருக்கற உறையையும் நீளமா வெட்டித் திறந்துவிடணும்.”

“வெட்டினா திரும்பப் பரோட்டா வீசலாமா?”

“வெட்டலைன்னா கரண்டிகூடப் பிடிக்க முடியாது.”

“அப்ப வெட்டுங்க தாயி.”

சம்மதப் படிவத்தில் இடது கையால் கிறுக்கினார். “நல்ல கையில போட்டாலும் இந்த லட்சணந்தான்.”

தியேட்டருக்குச் சொன்னாள். மயக்க டாக்டருக்குச் சொன்னாள். சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்த பெரிய டாக்டரைக் கடைசியாகத்தான் அழைத்தாள்.

கோபம் வந்தால் அவளுக்கு ‘சார்’ வராது.

“கட்டைப் பிரிச்சாச்சு. கை இன்னும் கல்லாத்தான் இருக்கு. வெட்டித் திறக்கணும், உடனே வாங்க.”

“யாரைக் கேட்டும்மா பிரிச்ச?”

போனைச் சிஸ்டர் கையில் திணித்தாள். மாஸ்டரைத் தள்ளுவண்டிக்கு மாற்றினாள்.

“டாக்டர் கேக்குறாரும்மா...”

“தியேட்டர்ல வந்து கேக்கச் சொல்லுங்க.”

கதவை முதுகால் தள்ளித் திறந்து, வண்டியை இழுத்துக்கொண்டு வெளியேறினாள்.

வராந்தா முழுக்கக் கூட்டம். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு குரல் கொடுத்தார்.

“ஓரம், ஓரம்! சூடா வருது!”