விசிலடிக்க மறுத்த குக்கர்

“‘விசிலடிக்கிறதெல்லாம் பட்டிக்காட்டுப் பழக்கம்.’ இதைத்தானேடி சொன்னே?” என்று குக்கரைப் பிடித்துக்கொண்டது, அதன் தலையில் உட்காரும் வெயிட்.

குக்கர் அசரவில்லை. “உப்பு ஜாடியில சாய்ச்சு வச்சிருக்கற போன்ல ஒரு குக்கரைப் பார்த்தேன். அந்தக் குக்கர் சத்தமே போடாம பளபளன்னு நிக்கறா. நானும் இனி அப்படித்தான்.”

“அவளுக்குக் கீழே அடுப்பு எரிஞ்சுதா, பார்த்தியா? உன் வயித்துல நாலு பேரோட மத்தியானச் சாப்பாடு இருக்கு.”

“உனக்குப் பொறாமை” என்று வெயிட்டைக் கீழே தள்ளியது குக்கர்.

ஆவியெல்லாம் வெளியே போனது. தண்ணீர் சுண்டியது. அரிசி வேகாமலே அடிப்பிடித்தது.

கருகல் வாசனையில் பயந்துபோன குக்கர் போனைப் பார்த்தது. அங்கே இப்போது ஒரு பூனை ஆடிக்கொண்டிருந்தது.

“போனே, அந்தக் குக்கர் இதுக்கப்புறம் என்ன செஞ்சா? அதைக் கொஞ்சம் காட்டேன்.”